வெள்ளவத்தை கிளினிக் நாட்குறிப்பு: எந்தப் பல், எந்தப் பக்கம்

மார்ச் 3, திங்கள்

புதிதாக ஒரு தங்கச்சி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஏ.எல். எழுதிவிட்டு வந்த பிள்ளை. வெட்டும் பல், வேட்டைப் பல், கடைவாய்ப் பல் எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் கதிரைக்குப் பக்கத்தில் நிற்கும்போது டொக்டர் அப்படிச் சொல்ல மாட்டார். "வன் சிக்ஸ், மீசியல், கேரிஸ்" என்று சொல்லிக்கொண்டே போவார்; கேரிஸ் என்றால் பற்சிதைவு. கார்டில் நம் கையும் கூடவே ஓட வேண்டும்.

ஆகவே முதல் நாள் நம்பர்தான். வாயை நாலாகப் பிரித்துக்கொள். மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. வலது இடது எல்லாம் கதிரையில் இருப்பவருடையது, நம்முடையதல்ல. ஒவ்வொரு பகுதியிலும் நடுக்கோட்டில் தொடங்கிப் பின்னால் 8 வரை. 16 என்றால் மேல் வலது முதலாம் கடைவாய்ப் பல். அதைப் பதினாறு என்று வாசிக்கக் கூடாது, ஒன்று ஆறு. பாற்பல்லுக்கு 5, 6, 7, 8 என்று பகுதி எண் மாறும், ஒவ்வொன்றிலும் ஐந்தே பல்.

இது எஃப்.டி.ஐ. (உலகப் பல் மருத்துவச் சம்மேளனம்) முறை, 1971இல் வந்தது. கனடாவில் இருந்து லீவுக்கு வருகிறவர்களின் ரிப்போர்ட்டிலும் இதுதான் இருக்கும், பிரச்சினை இல்லை. அமெரிக்காக்காரர் வந்தால்தான் கவனம் வேண்டும். அங்கே 1 முதல் 32 வரை ஒரே ஓட்டமாக எண்ணுகிறார்கள். அவர்களுடைய 16, மேல் இடது ஞானப்பல்! அப்படி ஒரு ரிப்போர்ட் கையில் வந்தால் எந்த முறை என்று மேலே பென்சிலால் எழுதிவிட்டுத்தான் டொக்டரிடம் கொடுக்கச் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

மழை. இரண்டு பேர் அப்பொயின்ட்மென்ட்டைத் தள்ளிப்போட்டார்கள். அந்த நேரத்தில் பக்கங்களின் பெயர்களை முடித்தோம். நடுக்கோட்டைப் பார்த்த பக்கம் மீசியல், அதற்கு எதிர்ப்பக்கம் டிஸ்டல். கன்னப்பக்கம் பக்கல், முன்பல்லில் உதட்டுப்பக்கம் லேபியல். உள்ளே கீழ்ப்பல்லுக்கு லிங்குவல், மேல்பல்லுக்குப் பலட்டல். கடிக்கிற மேற்பரப்பு ஒக்ளூசல். இதில் விளக்க ஒன்றுமில்லை, மனப்பாடம்தான்.

அப்புறம் டொக்டர் தன்னுடைய பெட்டியைத் திறந்தார். படிக்கிற காலத்தில் நெடுக்காக அறுத்து வைத்த கடைவாய்ப் பல் ஒன்று. வெளியே வெள்ளையாக, கண்ணாடி ஓரம் போலத் தெரிவது எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள், எடையில் ஏறக்குறைய 96 வீதம் கனிமம். அதைக் கட்டிய கலங்கள் பல் முளைத்ததோடு போய்விடுகின்றன. தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதற்கு உள்ளே மங்கல் மஞ்சளாக டென்டின். கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே பல்ப் வரை, அதாவது நரம்பு இருக்கிற நடுப்பகுதி வரை போகின்றன. முரசு (ஈறு) இறங்கி வேர் வெளியே தெரிகிறவருக்கு ஐஸ் தண்ணீர் கூசுவதும் அந்தக் குழாய்களில் உள்ள திரவம் அசைவதால்தான். எனாமல் முரசோரத்தில் முடிந்துவிடும். வேரை மூடியிருப்பது சிமென்டம், மெல்லிய படை.

"பிள்ளை, இதைத் தொட்டுப் பாரும்" என்று டொக்டர் அவளிடம் நீட்டினார். கழுத்துக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தாள். எனாமல் முடிகிற இடம் நகத்துக்கே தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

பல் பிடுங்குகிற நாள். ட்ரே அடுக்கும்போது தங்கச்சி கேட்டாள்: "அக்கா, மேல் கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் ஏன் இரண்டு ஃபோர்செப்ஸ்?"

ஃபோர்செப்ஸ் என்றால் பல் பிடுங்குகிற குறடு. நல்ல கேள்வி. மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்: கன்னப்பக்கம் இரண்டு, அண்ணப்பக்கம் ஒன்று. ஃபோர்செப்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு அலகின் நுனியில் சின்ன முனை தெரியும். அது கன்னப்பக்கத்து இரண்டு வேருக்கும் நடுவே உட்கார வேண்டும். மற்ற அலகு வழவழப்பாக அண்ணப்பக்கத்து வேரை அணைக்கும். முனை எப்போதும் கன்னத்தைப் பார்க்க வேண்டியதால் வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. கீழ்க் கடைவாய்ப் பல்லின் இரண்டு வேரும் முன்னும் பின்னுமாக நிற்கின்றன. ஆகவே அலகு இரண்டிலும் முனை உண்டு, இரு பக்கத்துக்கும் ஒன்றே போதும். வேரின் எண்ணிக்கை தெரிந்தால் ட்ரே தானாக அடுக்குப்படும். பட்டியலைப் பாடமாக்குவதை நான் நம்புவதில்லை.

மார்ச் 10, திங்கள்

முரசு அளவெடுப்பு மட்டும். பல்லுக்கும் முரசுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம் பார்க்கிற அளவுக் கம்பியான வில்லியம்ஸ் ப்ரோப்பில் 4க்கும் 6க்கும் கோடு இல்லை, 3க்கு அடுத்தது 5. வாசிக்க லேசாக இருக்கட்டும் என்று விட்ட இடைவெளி. 3 மி.மீ. வரை கவலையில்லை.

மார்ச் 12, புதன்

கடிதத்தோடு ஒருவர் வந்தார். வேறு ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்தது: 36க்கு வேர்ச் சிகிச்சை வேண்டுமாம். டொக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இளம் வயதில் இந்தப் பக்கம் பல் ஏதும் பிடுங்கினீங்களோ?" என்று கேட்டார். "ஓம், ஊரில இருக்கேக்க ஒண்டு."

அதுதான் விஷயம். 36 போய்க் கன காலம். பின்னால் இருந்த 37 முன்பக்கம் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. நம்பர் பல்லுக்குரியது, அது நிற்கிற இடத்துக்கல்ல. அடையாளமும் உண்டு: கீழ் முதலாம் கடைவாய்ப் பல்லில் பொதுவாக ஐந்து முகடு, இரண்டாவதில் நாலு முகடும் நடுவே கூட்டல் குறி மாதிரிப் பள்ளமும். எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. கார்டில் 37 என்று எழுதி, கடித எண்ணுடன் பொருந்தாததையும் குறித்தேன். நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரர் கேட்டால் அந்த ஒரு வரிதான் காப்பாற்றும்.

மாலையில் ஆறரை வயதுப் பிள்ளையோடு ஒரு தாய். 46இல் கறுப்புப் புள்ளி. "விழப்போற பல்லுத்தானே டொக்டர், அடைக்க வேணுமே?" மாதத்தில் பல தடவை கேட்கிற கேள்வி. முதலாம் கடைவாய்ப் பல் எந்தப் பாற்பல்லும் விழாமலே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஆறு வயதளவில் சத்தமில்லாமல் முளைத்துவிடும். யாருக்கும் சந்தேகமே வராது. நடுக்கோட்டிலிருந்து எண்ணிக் காட்டச் சொல்லித் தங்கச்சியை விட்டேன். ஐந்து பாற்பல், ஆறாவது விழாத பல். தாய் தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். அடைக்கச் சம்மதம். நாளை போயா, பௌர்ணமி விடுமுறை, கிளினிக் இல்லை.

மார்ச் 15, சனி

கிரிக்கெட் காலம் என்றால் இது வரும் என்று எதிர்பார்க்கத்தான் வேண்டும். பத்தரை மணிக்குப் போன். நெட்ஸில் பந்து பட்டு மகனின் முன்பல் முழுதாகக் கழன்று விழுந்துவிட்டதாம், வயது 12. "வேரைத் தொடாதீங்கோ, மேல் பக்கத்தைப் பிடிச்சு ஃப்ரெஷ் மில்க்கில் போட்டு உடனே கொண்டாங்கோ" என்றேன். தேய்த்துக் கழுவ வேண்டாம் என்றும் சொன்னேன். சிமென்டத்தில் ஒட்டியிருக்கும் நார்களின் கலங்கள் உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி எலும்போடு பிடிக்கும். காய்ந்தால் செத்துவிடும். பாற்பல்லாக இருந்தால் திரும்ப வைப்பதே இல்லை, கீழே காத்திருக்கும் பல்லுக்குக் கேடு.

அரை மணிக்குள் வந்துவிட்டார்கள். பால் பக்கெட்டுக்குள் பல். டொக்டர் கையுறை போடும் இடைவெளியில் தங்கச்சி எட்டிப் பார்த்து, "டூ வன், டொக்டர்" என்றாள். வாயைப் பார்க்காமலா? "ஒரு மூலை கூராக இருக்கு, மற்றது உருண்டை. கூரானது மீசியல்." சரிதான்.

பல்லை வைத்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார் டொக்டர். இரண்டு கிழமைக்குக் கட்டு இருக்கும். இந்த வயதில் வேர் நுனி மூடியிருக்கும், ஆகவே அதற்குள் வேர்ச் சிகிச்சையும் தொடங்க வேண்டும். டெட்டனஸ் ஊசி விபரம் கேட்டு எழுதினோம். 22ஆம் திகதிக்கும் 29ஆம் திகதிக்கும் நேரம் கொடுத்தேன். பையனுக்கு ஒரே கவலை, வெள்ளிக்கிழமை மேட்ச். டொக்டர் கூடாது என்று தலையாட்டிவிட்டு, பல் தேறினபிறகு மவுத் கார்ட்டுக்கு அளவெடுக்கலாம் என்றார்.