1.8 செகண்ட்

"அது மிஸ் போட்டது சார்."

அவன் சொன்னது அவ்வளவுதான். ஸ்கிராட்ச் கோடை வகுப்பின் கடைசி நாள். கலர் பிளாக்குகளை அடுக்கிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற மென்பொருள் அது. பிள்ளைகள் செய்ததைப் பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் திரையில் இருந்த மஞ்சள் பிளாக்கைக் காட்டி, "இந்த பிராட்காஸ்ட் எதுக்குப்பா?" என்று கேட்டார். அதற்கு அவன் சொன்ன பதில். குரலில் கோபம் இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. பெரியவர் தலையாட்டிவிட்டு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போய்விட்டார். நான் இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஏழாம் வகுப்புப் பையன். அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். "பத்தாவது சயின்ஸ் புக்குல இந்த ஸ்கிராட்ச் வருதாமே, இப்பவே கத்துக்கட்டும்" என்று அவர்தான் கொண்டுவந்து சேர்த்தார். அவன் செய்திருந்தது ஒரு பேரம். மீன் விற்கும் அக்கா ஒரு ஸ்பிரைட், அதாவது திரையில் பேசுகிற, நகர்கிற உருவம். வாங்க வந்தவர் இன்னொரு ஸ்பிரைட். பின்னணியில் நீலமும் சாம்பலுமாக அவனே வரைந்த கடல், ஓரத்தில் ஒரு தராசு. மற்றவர்கள் பூனையையும் டைனோசரையும் "ஹலோ, ஹவ் ஆர் யூ" என்று பேசவிட்டபோது இவன் இப்படி எழுதியிருந்தான்:

"இன்னாக்கா, சங்கரா கிலோ எவ்ளோ?"

"நானூறும்மா."

"போன வாரம் முந்நூறுக்குதானே குட்த்த?"

"தடைக்காலம்மா, விசைப்படகு ஒண்ணும் போவல."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகு கொண்டுவருவதுதான் மீன். விலை ஏன் ஏறுகிறது என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டான். படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நல்லா இருக்குடா என்று முதுகில் தட்டினேன். அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும், அவனிடம் நான் முதலில் பேசியது அதுதான்.

ஸ்கிராட்சில் இரண்டு பேரைப் பேசவைப்பது பார்க்கத்தான் சுலபம். ஒவ்வொரு ஸ்பிரைட்டுக்கும் தனி ஸ்கிரிப்ட், அதாவது தனி பிளாக் அடுக்கு. பச்சைக் கொடியை அழுத்தினால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். ஒன்று என்ன செய்கிறது என்று மற்றதற்குத் தெரியாது. "ஸே ... ஃபார் 2 செகண்ட்ஸ்" என்ற ஊதா பிளாக் போட்டால் வரி ஒரு பேச்சுக் குமிழில் தெரியும், அந்த இரண்டு செகண்ட் முடியும்வரை அதற்குக் கீழே உள்ள பிளாக் நகராது. அந்த நேரம் மற்ற ஸ்பிரைட் சும்மா இருக்க வேண்டுமென்றால் அதன் ஸ்கிரிப்டில் அதே இரண்டு செகண்டுக்கு ஒரு "வெயிட்" வைக்க வேண்டும். ஆக, இது இரண்டு கடிகாரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிடுகிற வேலை. நடுவில் ஒரு வரியின் நேரத்தை மாற்றினாலும் அதற்குக் கீழே வருகிற எல்லாமே தள்ளிப்போகும்.

அவன் இந்த முறையில்தான் செய்திருந்தான். ஓடவிட்டுப் பார்த்தேன். முதல் கேள்வி, முதல் பதில், இரண்டும் சுத்தமாக வந்தன. மூன்றாவது வரி திரையில் இருக்கும்போதே அக்காவின் "தடைக்காலம்மா" மேலே வந்து விழுந்தது. அதற்குப் பிறகு கடைசிவரை அப்படித்தான். ஒருவர் குமிழ் மறையும் முன்னே இன்னொருவர் குமிழ்.

"இது ஒண்ணுமேல ஒண்ணு விழுது பாரு" என்றேன்.

"மிஸ், அது..."

"இரு, இதுக்கு ஈஸியா ஒரு வழி இருக்கு."

மவுஸை வாங்கினேன். வெயிட் பிளாக்குகளை எல்லாம் எடுத்தேன். ஒருவர் பேசி முடித்ததும் ஒரு பிராட்காஸ்ட், மற்றவர் பக்கம் "வென் ஐ ரிசீவ்". இவர் முடித்துச் செய்தி அனுப்புவார், அது கிடைத்த பிறகே அவர் வாய் திறப்பார். நொடிக்கணக்கே வேண்டாம். நடுவில் எத்தனை வரி சேர்த்தாலும் எதுவும் குலையாது. நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஓடவிட்டதும் கச்சிதமாக ஓடியது. "புரியுதா?" என்றேன். "புரியுது மிஸ்" என்றான்.

நான் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை. இன்றைக்கும் உரையாடல் என்றால் பிராட்காஸ்ட்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வெயிட்டை வைத்து இருபது வரி எழுதிவிட்டு நடுவில் ஒரு வரி மாறியதும் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, காதால் கேட்கும்போது இரண்டு பேர் சேர்ந்து பேசினாலும் பிரித்துவிடலாம், சந்தையில் தினமும் அதைத்தானே செய்கிறோம். கண்ணுக்கு அது முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு குமிழ் வந்தால் ஒன்றைப் படிப்பதற்குள் மற்றது போய்விடும். குரலாகப் பதிவு செய்திருந்தால் அவன் நினைத்தபடி விட்டிருக்கலாம். "ஸ்டார்ட் சவுண்ட்" பிளாக் போட்டால் ஒரு குரல் ஓடும்போதே அடுத்ததையும் தொடங்கலாம். மைக் வேலை செய்கிற ஹெட்செட் ஒன்று எங்களிடம் இருந்தது. அது அலமாரியில் இருந்தது. அன்றைக்கு அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் "அவன் நினைத்தபடி" என்று எழுதிவிட்டேன். அவன் என்ன நினைத்தான் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை நாளாக மனசில் கிடப்பது அதுதான்.

கண்காட்சி முடிந்த ராத்திரி, நான் திருத்துவதற்கு முந்தின நாள் அவன் சேமித்திருந்த பழைய ஃபைலைத் திறந்தேன். அக்காவின் ஸ்கிரிப்ட்: வெயிட் 2. "நானூறும்மா" 1.2 செகண்ட். பிறகு வெயிட் 1.8. வாங்குபவர் பக்கம்: கேள்வி 2 செகண்ட், வெயிட் 1.2, பிறகு "போன வாரம்" 3 செகண்ட். 2-க்கு 2, 1.2-க்கு 1.2. முதல் சுற்றில் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அடுத்து 3 இருக்க வேண்டிய இடத்தில் 1.8. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 1, 2 என்று முழு எண்தான் போடுவார்கள். இவன் புள்ளி வைத்துப் போட்டிருக்கிறான். விலை கேட்டு விலை சொல்லும்வரை இரண்டு பேரும் பொறுமையாகப் பேசுகிறார்கள். "போன வாரம் முந்நூறு" என்று கேட்டதும் அக்காவுக்குச் சுருக்கென்று படுகிறது, முடிக்கவிடாமல் பேச்சில் புகுந்துவிடுகிறார். காசிமேட்டில் மீன் வாங்கிய யாருக்கும் இது தெரியும். வரிசை வைத்துப் பேசினால் பேரமே நடக்காது. அப்படிப் பார்த்தால் அந்த 1.8 அவன் காதால் கேட்டு வைத்த எண். அதை நான் நான்கு நிமிடத்தில் எடுத்துப்போட்டேன்.

படுத்த பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வகுப்பில் எல்லாரிடமும், "பெரிய வரிக்கு மூணு செகண்டாவது குடுங்க, படிக்க நேரம் வேணாமா?" என்று சொல்லியிருந்தேன். அவன் முதலில் அந்த வரிக்கு 1.8 தான் வைத்திருப்பான். அக்கா பக்கமும் 1.8. இரண்டும் பொருந்தியிருக்கும். நான் சொன்னதைக் கேட்டு ஒரு பக்கம் மட்டும் 3 ஆக்கிவிட்டு மற்ற பக்கத்தை மாற்ற மறந்திருப்பான். அதனால்தான் கீழே எல்லாமே ஒன்றுமேல் ஒன்று விழுந்தது. எல்லாப் பிள்ளைகளும் செய்கிற பிழை இது. அப்படியென்றால் நான் திருத்தியது சரி, "மிஸ், அது..." என்று அவன் தொடங்கியது "அது எங்கே தப்புன்னு தெரியல" என்று முடிந்திருக்கும்.

எண்களை எத்தனை முறை பார்த்தாலும் இரண்டு கதைக்கும் அவை ஒத்துப்போகின்றன.

வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஏன் விடவில்லை என்று யோசித்தால் எனக்குப் பழைய வேலைதான் ஞாபகம் வருகிறது. இங்கே வருவதற்கு முன் நான்கு வருடம் ஒரு கால் சென்டரில் இருந்தேன். வாடிக்கையாளர் பேசும்போது நாம் குறுக்கே பேசினால் "ஓவர்டாக்" என்று குறித்து மதிப்பெண் குறைப்பார்கள். பதிவான அழைப்பைப் போட்டுக்காட்டி, இங்கே, இந்த இடத்தில், என்று நிறுத்துவார்கள். அதற்கு முன் நான் காலடிப்பேட்டையில் சித்தி, அத்தை, பாட்டி என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற வீட்டில் வளர்ந்தவள். ஒருத்தி சொல்லத் தொடங்கினதை இன்னொருத்தி முடிப்பாள், அதற்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கால் சென்டரில் சேர்ந்த இரண்டே வருடத்தில் அந்த வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு என் முறைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். முறை வரவேயில்லை. "இவளுக்கு இன்னா ஆச்சு, பேசவே மாட்டேங்குறா" என்று பாட்டி கேட்டாள். அவன் திரையில் இரண்டு குமிழும் சேர்ந்து வந்ததைப் பார்த்த கணத்தில் எனக்குள் சட்டென்று ஓடியது அந்த ஓவர்டாக் குறிதான். அதை மறுக்க முடியாது. ஆனால் குறுக்கே பேசுவதைச் சரிசெய்கிறேன் என்று நான் செய்த முதல் காரியம் அவன் பேச்சில் குறுக்கிட்டது. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

ஸ்கிராட்சை 2007-ல் வெளியிட்டது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் நடத்தும் குழு. குழுவின் பெயரே லைஃப்லாங் கிண்டர்கார்ட்டன். பாலர் வகுப்பில் கட்டையை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக் கற்பதுபோல எல்லா வயதிலும் கற்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஒவ்வொரு கோடையிலும் முதல் வகுப்பில் இதை நான் சொல்கிறேன். பிள்ளையின் கையில் இருக்கிற மவுஸைத் தொடக்கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது, பதினாறு பிள்ளைகள், ஒன்பது கம்ப்யூட்டர். இது சாக்கு இல்லை, நிலைமை அப்படி இருந்தது. இருந்தாலும் "பிராட்காஸ்ட்னு ஒண்ணு இருக்கு, தேடிப் பாரு" என்று சொல்லிவிட்டு நகர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஜூனில் பள்ளி திறந்த பிறகு தண்டையார்பேட்டை மார்க்கெட் பக்கம் அவனைப் பார்த்தேன். அம்மா பக்கத்தில் இருந்தார். நலம் விசாரித்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"அந்த மீன் கடைல, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுனாங்களே, நீ வேணும்னே வச்சியா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "தெரியல மிஸ். மறந்துட்டேன்."

"ஒழுங்கா ஞாபகம் வச்சுச் சொல்லேன்டா, மிஸ் கேக்குறாங்கல்ல" என்று அம்மா அவன் தலையில் லேசாகத் தட்டினார். நான் பரவாயில்லைக்கா என்றேன். அவர் அதற்குள் மகனைப் பற்றி வேறு ஏதோ சொல்லத் தொடங்கிவிட்டார், அவனும் கூடவே "ம்மா, அப்டி இல்லம்மா" என்று பேசிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் சொன்னதும் எனக்கு முழுதாகப் புரிந்தது.

"அது மிஸ் போட்டது" என்றானே, ஒருவேளை அது வெறும் நேர்மைதான். தான் செய்யாததைத் தான் செய்ததாக அவன் சொல்லிக்கொள்ளவில்லை. அப்படி ஒரு பிள்ளை சொன்னால் நான் பெருமைப்பட வேண்டும். சில நாள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கோடையில் ஒரு பெண்ணின் திரையில் அதே மாதிரி இரண்டு குமிழ் சேர்ந்து வந்தது. அக்காவும் தம்பியும் ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். நான் மவுஸைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்தவரை மெதுவாக, "இது நீயா வேணும்னு வச்சதாம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்ல மிஸ், தப்பா வந்துடுச்சு."

"இல்லம்மா, வேணும்னா அப்படியே..."

நான் முடிப்பதற்குள் அவள் அந்த பிளாக்கை இடப்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டாள். அது மறைந்துவிட்டது.