மூன்று பழுப்பு அந்துப்பூச்சிகள்

கார்த்திகையில் மழை விட்டிருந்த நான்கு இரவுகள். மொட்டை மாடிக் கொடியில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, அந்துப்பூச்சிகளை இழுக்க எதிரே புற ஊதா டியூப் ஒன்றைக் கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் துவரைக் காடு, பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. ஈசலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வந்ததெல்லாம் பழுப்பு.

முதல் இரவில் மூன்று பிடித்தேன். ஒன்று செங்கல் நிறம், ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று பச்சை ஓடிய சாம்பல். மூன்று இனம் என்று நோட்டில் எழுதியும் வைத்தேன். தப்பு.

நாக்டுயிட் என்ற இந்த அந்துப்பூச்சிக் குடும்பத்தில் நிறத்தைப் பார்த்தால் ஏமாறத்தான் வேண்டும். முன்னிறக்கையில் இரண்டு புள்ளிகளைத் தேட வேண்டும்: உடம்பை ஒட்டி உருண்டையாக ஒன்று, அதைத் தாண்டி சிறுநீரக வடிவில் ஒன்று. என் மூன்றிலும் இரண்டாவது புள்ளி கருத்திருந்தது. அது போதவில்லை. பூச்சிகளைப் புட்டியோடு பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தேன் (வீட்டில் பேச்சு வாங்கியது தனிக்கதை). அசையாமல் இருக்கும்போது வாட்டர்கலர் தூரிகையால் முன்னிறக்கையை மெல்ல நகர்த்தினால் பின்னிறக்கை தெரியும். மூன்றிலும் ஒன்றே: வெளிறிய இறக்கை, ஓரத்தில் அகலக் கரும்பட்டை, பட்டைக்குள் சின்ன வெளிறிய திட்டு. ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா, நம் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி. பச்சைச் சாயல் பெரும்பாலும் ஆணுக்கு, செம்பழுப்பு பெண்ணுக்கு.

மறுநாள் வந்த ஸ்போடாப்டெரா லிட்டுராவில் (புகையிலை வெட்டுப்புழுவின் தாய்ப்பூச்சி) இந்தக் குழப்பமே இல்லை. முன்னிறக்கை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெளிர்கோடுகள், பின்னிறக்கை கிட்டத்தட்ட வெள்ளை.

ஆனால் ஆர்மிஜெராவுக்கு அசல்டா என்றொரு நெருங்கிய உறவு உண்டு. இரண்டின் பெண்பூச்சிகளும் ஆணை அழைக்க வெளியிடும் வாசனையில் முக்கியமான பொருள்கள் அதே இரண்டுதான், விகிதம் மட்டும் தலைகீழ். ஒன்றின் வாசனைக்கு மற்றதன் ஆண் பெரும்பாலும் வராது. அதனால் துவரைக் காட்டு அண்ணன் வைத்திருக்கும் ஆர்மிஜெராவுக்கான இனக்கவர்ச்சிப் பொறியில் (பெண்ணின் வாசனையை வைத்து ஆணைப் பிடிப்பது) விழுந்ததைக் கேட்டு வாங்கிவந்தேன். "காயத் தொளைக்கிற பயலுக்குப் பேரு வேற வேணுமா தம்பி?" என்றார். பாதிப் பூச்சிகள் படபடத்துச் செதில் உதிர்ந்து கிடந்தன. மீதியோடு என் பச்சைச் சாம்பலும் வைக்கோல் நிறமும் பொருந்தின.

பொறியில் விழுவது ஆண் மட்டுமே. செங்கல் நிறத்துக்கு ஒப்பிட ஆளில்லை. நோட்டில் அதன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.