இரண்டு முறை அச்சான தாள்

நேற்று இரவு ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லுக்கு 73916 என்ற எண். அதோடு 62508 என்ற சாவியைக் கூட்ட வேண்டும். ஒன்பதைத் தாண்டினால் ஒன்றை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. 35414 வந்தது. இன்னொரு சொல் 20457. அதே சாவியைக் கூட்டினால் 82955. சரி, முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கடன் வாங்காமல் கழித்தேன்: 53569. சாவி சேர்க்காத எண்களைக் கழித்தேன். அதே 53569! சாவி மாயமாகிவிட்டது.

சோவியத் தந்திகளை உடைக்க அமெரிக்கா ரகசியமாக நடத்திய வெனோனா திட்டத்தைப் பற்றி எத்தனையோ முறை படித்திருக்கிறேன். என் கையால் கழித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது.

சோவியத் உளவாளிகளின் தந்திகளை இப்படித்தான் பூட்டினார்கள். சாவி எண்கள் அச்சான தாளை ஒரே ஒரு முறை பயன்படுத்திவிட்டு அழித்துவிட்டால் யாராலும் உடைக்க முடியாது. ஆனால் 1942 தொடக்கத்தில், போர் நெருக்கடிக்கு நடுவே, சுமார் 35,000 தாள்களை இரண்டு முறை அச்சடித்துவிட்டார்கள். வர்த்தகத் தந்தியும் உளவுத் தந்தியும் ஒரே சாவியில் போயின.

அமெரிக்காவில் அதைத் தேடிப் பிடித்த இடம் ஆர்லிங்டன் ஹால். முன்பு பெண்கள் கல்லூரியாக இருந்த கட்டடம். 1943 பிப்ரவரி 1 அன்று அந்த வேலையைத் தொடங்கியவர் ஜீன் கிரேபீல், பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவரோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். தாள்கள் திரும்ப வருவதை அதே ஆண்டு அக்டோபரில் கண்டுபிடித்த ரிச்சர்ட் ஹாலக், ராணுவத்துக்கு வருமுன் தொல்லியல் அறிஞர். ஆஞ்சலின் நானி என்ற பெண்ணுக்கு 1945இல் வைத்த தேர்வே வரிசை வரிசையாக எண்கள்தான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும் என்று அவருக்குப் பார்த்ததும் தோன்றியது. திட்டம் மூடப்பட்ட 1980 வரை அந்த வேலையிலேயே இருந்தார். அவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஏனென்றால் 53569 கிடைத்தால் போதாது. அது எந்த இரண்டு எண்களின் வித்தியாசம் என்று ஊகிக்க வேண்டும். அப்புறம் அந்த எண் எந்த ரஷ்யச் சொல் என்று, சொல்லுக்கு எண் தரும் குறியீட்டு நூலே கையில் இல்லாமல் கண்டுபிடிக்க வேண்டும். மெரிடித் கார்ட்னர் என்ற மொழியறிஞர் சொல் சொல்லாக அந்த நூலை மீட்டெடுத்தார். 1946 டிசம்பர் 20 அன்று அவர் படித்த தந்தியில் அணுகுண்டு விஞ்ஞானிகளின் பெயர்ப்பட்டியல் இருந்தது. தந்திகளில் வந்த மறைபெயர்களில் பாபிலோன் என்றால் சான் பிரான்சிஸ்கோ, டயர் (Tyre என்ற பழைய நகரத்தின் பெயர்) என்றால் நியூயார்க், லிபரல் என்றால் சோவியத்துக்கு உளவு பார்த்த ஜூலியஸ் ரோசன்பர்க் என்பதெல்லாம் மெல்ல மெல்லத்தான் தெளிவானது. இத்தனை உழைப்புக்குப் பிறகும், நியூயார்க்கிலிருந்து மாஸ்கோவுக்குப் போன உளவுத் தந்திகளில் 1944ஆம் ஆண்டுக்கானவை 49 சதவீதம் படிக்கக் கிடைத்தன. 1945ஆம் ஆண்டுக்கானவை 1.5 சதவீதம்தான்.

ஒன்றுதான் என்னால் தாங்க முடியவில்லை. அதே கட்டடத்தில் வேலை பார்த்த வில்லியம் வைஸ்பேண்டு மாஸ்கோவின் ஆள். 1949இல் பிரிட்டிஷ் உளவுத்துறையின் கிம் ஃபில்பிக்கும் விஷயத்தைச் சொன்னார்கள். அவரும் மாஸ்கோவின் ஆள். மாஸ்கோவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்தப் பெண்களோ வீட்டில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. 1995 ஜூலையில்தான் அரசு அந்தத் தந்திகளை வெளியிட்டது. அதற்குள் கிரேபீல் அந்த மேசையில் உட்கார்ந்து 52 ஆண்டுகள் ஆகியிருந்தன.