குழந்தையை உண்ணிக் குஞ்சு கடித்தால்

மழைக்காலத்தில் புல்லில் விளையாடிவிட்டு வந்த என் மகளுக்கு, எலாஸ்டிக் இறுகும் இடுப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிவப்புத் தடிப்புகள், ராத்திரியெல்லாம் அரிப்பு. இது சிகர் எனும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத உண்ணிக் குஞ்சின் வேலை. அது தோலுக்குள் புகுந்து உட்காராது, ரத்தமும் குடிக்காது, எச்சிலைச் செலுத்தித் தோலைக் கரைத்துத்தான் தின்னும், அதனால் மண்ணெண்ணெய் தடவுவது, நெயில் பாலிஷ் பூசுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், உடுத்தியிருந்த துணியை வெந்நீரில் துவையுங்கள், ஈரத்துணி ஒத்தடமும் காலமைன் லோஷனும் அரிப்பைத் தணிக்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், சொறிந்து புண்ணானால் சீழ் வைக்கும். அரிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு களிம்பு இரண்டும் டாக்டர் சொன்னால் மட்டும்.

நான் உண்மையில் பயப்படுவது அரிப்புக்கு அல்ல, இதே உண்ணிக் குஞ்சு கடிப்பதால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் எனும் பாக்டீரியாக் காய்ச்சலுக்கு. வேலூர்ப் பக்கம் உட்பட தமிழ்நாட்டில் நிறையவே வருகிறது, மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் அதிகம். கடித்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாம் தேடிப் பாருங்கள், சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கலாம். இல்லாவிட்டாலும் புல்லில் விளையாடியதை டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் எனும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளைச் சீக்கிரம் கொடுத்தால் நன்றாகவே கேட்கும்.