மகன் வழியா, மகள் வழியா?

2024 ஜூலை 14, வட்டக்கச்சி

கனடாவிலிருந்து வந்திருக்கும் அக்காவின் மகள் டி.என்.ஏ. பரிசோதனைக் குழாயை மாமியின் கையில் கொடுத்தாள். மாமி என் தகப்பனின் சகோதரி; 86 வயது. அரை மணி நேரம் வெற்றிலையும் தண்ணீரும் கூடாது என்றதும் முகம் சுருங்கிப்போயிற்று. எச்சில் ஊறவேயில்லை. கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துப்பினார்; பாதிக்கு மேல் நுரை. நுரை கணக்கில்லை என்றாள் பிள்ளை. "புளியங்காயை நினையுங்கள் மாமி" என்றேன். கோடுவரை நிரம்பிவிட்டது.

என் தகப்பனைப் பெற்ற அப்புவின் தமையன் மலாயா ரயில்வேக்கு வேலைக்குப் போனவர். 1941க்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. அவர் வழியைத் தேடத்தான் இந்தப் பரிசோதனை. என் எச்சிலையும் கொடுக்கலாம்தான். ஆனால் ஒரு தலைமுறை இறங்கினால் முன்னோரிடமிருந்து வந்த மரபணுவில் பாதி போய்விடும். அப்புவின் பிள்ளைகளில் மாமி ஒருவர்தான் இன்று இருக்கிறார்.

ஜூலை 15

இரவு விளக்கணைத்த பிறகு மாமி கேட்டார்: "என் இளையவனும் இதில் வருவானா?" 2009 மே மாதம், போரின் முடிவில், வட்டுவாகலில் கைதவறிப் போனவன். எச்சில் கொடுத்தவர்களை மட்டும்தான் இது காட்டும் என்றேன். "அவன் எங்காவது இருந்து கொடுத்திருந்தால்?" அப்படியென்றால் வருவான் மாமி என்றேன்.

செப்டம்பர் 11

முடிவு வந்துவிட்டது. முதலில் மாமியின் இளையவனான மச்சானின் பெயரைத்தான் தேடினேன். இல்லை.

மலேசியாவில் ஒரு பெண், 571 சென்டிமோர்கன்; இருவருக்கும் பொதுவான மரபணுவின் அளவு அது. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளைப் போன்ற உறவு என்று நிறுவனம் ஊகித்திருக்கிறது. அப்படியான உறவுக்குச் சராசரி 866. ஆனால் அவளுக்கு வயது ஐம்பதுதான். அப்புவுடைய தமையனின் பேத்தி என்று வைத்தால் சராசரி 430ஐ ஒட்டி வரவேண்டும். மிச்சம் எங்கிருந்து வந்தது? அப்பு கட்டியது சொந்தத் தாய்மாமன் மகளை. அந்த வீட்டு இரத்தம் மாமிக்குத் தகப்பன் பக்கத்தாலும் தாய் பக்கத்தாலும் வந்திருக்கிறது. மச்சாளைக் கட்டும் வழக்கமுள்ள நாங்கள் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு தலைமுறை பிசகிவிடும்.

மாமி எண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மகன் வழியா, மகள் வழியா?" என்றுதான் கேட்டார். மகன் வழி என்றால் சகோதரன் மகள், மருமகள். மகள் வழி என்றால் சகோதரி மகள், பெறாமகள். இந்த எண்ணில் அந்த முறை தெரியாது.

செப்டம்பர் 19

மாமி தன் பொலித்தீன் பையை அவிழ்த்தார். இடம்பெயர்ந்த காலம் முழுவதும் இடுப்பில் கட்டியிருந்த பை. உள்ளே அப்புவின் காணி அனுமதிப்பத்திரம், நான்காக மடித்து, மடிப்பெல்லாம் நூலாகக் கிழிந்து. அதற்குக் கீழே கடைசிச் சித்தப்பாவின் பிறப்புப் பத்திரம், 1954. அதில் பேரனாரின், அதாவது அப்புவைப் பெற்றவரின், பெயர், பிறந்த ஆண்டு, இடம் மூன்றும் இருக்கின்றன: 1879, நெடுந்தீவு. மாமியின் பத்திரம் பழைய படிவம்; அதில் பேரனாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைக்குட்டியாகப் பிறந்து சித்தப்பா எங்களுக்கு ஒரு தலைமுறையைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

மாலையில் மலேசியாவிலிருந்து அப்புவின் தமையன் பெரியப்புவின் ஓய்வூதியப் புத்தகத்தின் படம் வந்தது. எங்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறும். பழைய தலைமுறைகளைத் தேடுகிறவனுக்கு அது பெரிய இடைஞ்சல். ஆனால் அண்ணன் தம்பியைச் சேர்த்துவைக்க அதைப்போல வேறு சாட்சி இல்லை. பெரியப்புவின் பெயருக்கு முன்னால் இருந்த தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தது. வாய்விட்டு வாசித்தேன். சித்தப்பாவின் பத்திரத்தில் உள்ள அதே பெயர். மாமி கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

செப்டம்பர் 22

இன்று பேசினார்கள். அவளுடைய தகப்பன்தான் பெரியப்புவின் மகன். எனக்கு அக்கா முறை. மாமி "மருமகள்" என்று கூப்பிட்டார். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. அழுதிருக்கிறாள்.

பெரியப்பு இறந்த நாளை மாமி கேட்டார். 1963, நவம்பர் 9 என்றாள். அதைக் காகிதத்தில் எழுதச் சொல்லிப் பையில் வைத்துக்கொண்டார். திதி என்னவென்று நாளைக் காலை ஐயரிடம் கேட்டுவர வேண்டுமாம்.