முக்திநாத்துக்குத் தனியாகப் போவதென்றால்

'சாளக்கிராமம் அடை நெஞ்சே' என்று திருமங்கையாழ்வார் பாட்டுக்குப் பாட்டு நெஞ்சைத்தான் கிளப்புகிறார், உடம்பைக் கிளப்புவது நம் பாடு. நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அவர் சாளக்கிராமம் என்று பாடிய இந்த முக்திநாத் திவ்யதேசம். தொட்டபெட்டா உச்சிக்கு மேல் இன்னும் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாத்திரைக் குழுவோடு போ என்றுதான் வீட்டில் சொன்னார்கள். எனக்கு மேலே ஒரு ராத்திரி தங்கவேண்டும், குழுக்களோ தரிசனம் முடிந்த கையோடு கீழே இறக்கிவிடுகின்றன. அதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான், ஏனென்றால் உயரத்தில் ஏறுவதைவிட அங்கே தூங்குவதுதான் உடம்புக்குச் சோதனை. கீழே நாம் கிளம்பும் ஊரான போக்ரா வெறும் 800 சொச்சம் மீட்டர். அங்கிருந்து ஜீப்பில் ஒரே மூச்சில் ஏறி அன்றிரவே முக்திநாத் அடிவாரத்து ராணிபௌவாவில் படுத்தால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரலாம். அதனால் நடுவில் தங்கியே போவது என்று முடிவெடுத்தேன். தனியாகப் போவதில் இருக்கும் பெரிய வசதியே அதுதான், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

நான் தங்கியது காக்பேனியில், உயரம் சுமார் 2,800 மீட்டர். காளி கண்டகியும் முக்திநாத் பக்கமிருந்து வரும் ஜோங் ஆறும் கலக்கும் இடம், பித்ரு காரியம் செய்ய வருகிறவர்கள் உண்டு. முற்பகலுக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கில் வீசும் காற்று இருக்கிறதே, மணலை வாரி முகத்தில் அடிக்கும், வாயைத் திறந்தால் பல்லில் நறநறவென்கிறது. குளிருக்கு ஸ்வெட்டர் எடுக்க எல்லோருக்கும் தோன்றும். காற்றுத் தடுக்கும் மேல்சட்டை, முகம் மூட ஒரு துணி, கண்ணாடி இவைதான் மறந்துபோகும்.

மருந்து விஷயம். உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் டாக்டரிடம் கேட்கவேண்டும், நானும் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். பச்சைக் கற்பூரத்தை முடிந்துகொண்டு மோந்து பார்த்தால் மூச்சுத் திணறாது என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடம் இருக்கிறது. மூக்குக்கு இதமாக இருக்கும், சரி, ஆனால் அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது.

தனியாகப் போவதில் உண்மையான ஆபத்து வேறு. உயர நோய் முற்றினால் புத்தி குழம்பும், குழம்பியவருக்கே அது தெரியாது, பக்கத்தில் சொல்லவும் ஆள் இல்லை. எனவே லாட்ஜ் அக்காவிடம், 'திதி (நேபாளியில் அக்கா), காலையில் ஏழு மணிக்கு நான் கீழே வரவில்லையென்றால் கதவைத் தட்டுங்கள்' என்று சொல்லிவைத்தேன். சிரித்துக்கொண்டே ஆறரைக்கே தட்டிவிட்டார்! வீட்டுக்கும் ஓர் எளிய விதி எழுதிக் கொடுத்திருந்தேன். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நான் போனில் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காமல் கீழே இறங்கச் சொல்லவேண்டும், தரிசனம் ஆகாவிட்டாலும்.

ஏகாதசி, உபவாசம் என்று வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு ஏறுவதை நான் தவிர்த்தேன். பூண்டு, வெங்காயம் வேண்டாமென்று முன்னாடியே சொல்லி பருப்புச் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பெருமாள் கோபித்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் மாட்டுத்தலை வடிவில் 108 தாரைகள். ஒவ்வொன்றிலும் தலையைக் காட்டியபடி ஓடவேண்டும், பிறகு முன்னால் இருக்கும் இரண்டு குண்டங்களிலும் முங்க வேண்டும். முதல் நாலைந்து தாரையிலேயே மண்டைக்குள் ஊசி இறங்குகிற மாதிரி இருந்தது, அப்புறம் தலை மரத்துப்போய்விட்டது. வெளியே வந்தால் விரல்கள் சட்டைப் பொத்தானைப் பிடிக்க மறுக்கின்றன. ஆகவே பொத்தான் இல்லாத உலர்ந்த உடையைப் பையில் மேலாகவே வைத்திருங்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நீரைப் புரோட்சணம் செய்துகொண்டால், அதாவது தலையில் தெளித்துக்கொண்டால் போதும். கருவறையில் தீர்த்தம் கொடுத்தது ஒரு பௌத்தப் பெண் துறவி. அவர்களுக்கும் இது புனிதத் தலம். கொஞ்சம் தள்ளி ஜ்வாலா மாயி சன்னதியில் குனிந்து எட்டிப் பார்த்தால், நீர் கசியும் பாறையிடுக்கில் இயற்கை வாயு சின்னதாக நீலமாக எரிகிறது.

கடைசியாகக் காகித வேலை. விமானத்தில் நேபாளம் போக பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும், 15 முதல் 65 வயதுக்காரர்களுக்கு ஆதார் போதாது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அனுமதிச்சீட்டைப் போக்ராவிலேயே வாங்கிவிடலாம். முக்திநாத்துக்குப் பக்கத்து விமான நிலையமான ஜோம்சோமின் விமானங்கள் காற்றுக்குப் பயந்து காலையில்தான் பறக்கும், வானிலை சரியில்லை என்றால் அதுவும் ரத்து. எனக்கு ரத்தானது, ஜீப்பில் நாள் முழுக்கக் குலுங்கித்தான் போக்ரா வந்தேன். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாளாவது சும்மா விட்டுவைத்திருங்கள்.