குடியை விட்டபோது எனக்கு நடந்தவை

குடியை விட்டது ஜெபத்தாலா, மருந்தாலா என்று கேட்காதவர்கள் குறைவு. சபையில் கேட்கிறவர்கள் "ஜெபத்தால்" என்ற பதிலை எதிர்பார்க்கிறார்கள். நான் கணக்கு எழுதும் இரும்புக் கடையில் கேட்கிறவர்கள் "மருந்தால்" என்று சொன்னால் தலையாட்டுகிறார்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிட்டால், அதைக் கேட்டு நடக்கிறவருடைய உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவன் நான். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். குடிக்கு எதிரான வசனங்கள் எல்லாம் மனப்பாடம். நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஒரு குடிகாரன் பேசுகிறான். அடித்தார்கள், நோகவில்லை என்கிறான். அடுத்த மூச்சிலேயே, மறுபடியும் அதைத் தேடிப் போக எப்போது விழிப்பேன் என்கிறான். குடிநோயை இதைவிடச் சரியாகச் சொன்ன வரிகளை நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் வசனம் தெரிந்திருந்தது என்னைத் தடுக்கவில்லை. காலையில் கை நடுங்கும். கொஞ்சம் உள்ளே போனால்தான் கணக்கு நோட்டில் எழுத்து நேராக விழும். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், காலைக்கு வேண்டியதை முந்தின இரவே வாங்கி ஒளித்துவைப்பேன். காந்தி ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், மிலாதுநபி என்று கடை மூடும் நாட்களுக்கு இரண்டு நாள் முன்பே பதற்றம் தொடங்கிவிடும்.

ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், மனந்திரும்ப விரும்புகிறவர்களை முன்னால் வரும்படி அழைத்தபோது எழுந்து முன்னால் போய் முழங்காற்படியிட்டேன். கை வைத்து ஜெபித்தவர், இன்றோடு விடுதலை என்றார். இனி மருந்து தேடிப் போவது அவிசுவாசம் என்றும் சொன்னார். அன்று நான் விட்ட கண்ணீர் உண்மையானது, எடுத்த தீர்மானமும் உண்மையானது. வீட்டில் இருந்த பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். இரண்டாம் நாள் சமையலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தேன். பல்லில் நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். என் மகள்தான் முதலில் பார்த்தாள்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருந்த டாக்டர் பிறகு எங்களுக்கு விளக்கினார். ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை, மதுவின் அமுக்கத்துக்கு ஈடுகொடுத்தே வேலை செய்யப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றால் அது கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழும். முதலில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணில் தெரியும். டெலிரியம் டிரெமென்ஸ் என்று அதற்குப் பெயர். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகலாம். எனக்கு குளோர்டயசெபாக்சைடு மாத்திரையை முதலில் அதிக அளவில் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்தினார்கள். குடிப்பவர் உடம்பில் வற்றிப்போயிருக்கும் தயமின் என்ற வைட்டமின் பி1-ஐ ஊசியாகப் போட்டார்கள். இத்தனையும் தெரியாமல் ஒருவர் மேடையில் நின்று "மருந்து வேண்டாம்" என்று சொல்வதை இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை. அவர் விசுவாசத்தைப் பற்றி நான் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறவனுடைய உயிரைப் பற்றிப் பேசுகிறேன்.

விசுவாசம் எனக்கு எங்கே கைகொடுத்தது என்று கேட்டால், அந்த வார்டில்தான். நடுக்கம் குறைந்த பிறகு எங்கள் சேகரத்து ஐயர் பார்க்க வந்தார் (திருநெல்வேலிப் பக்கம் சபைக் குருவானவரை அப்படித்தான் அழைப்போம்). அறிவுரை எதுவும் சொல்லவில்லை. யோவான் 5-ஆம் அதிகாரத்தில், இறங்கினால் குணமாகும் என்று நம்பப்பட்ட பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் வியாதியாகக் கிடந்த மனிதனின் பகுதியை வாசித்தார். "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா?" என்று இயேசு கேட்கிறார். அந்த மனிதன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்கிறான். "நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?" என்று ஐயர் கேட்டார். என்னிடமும் அதே மாதிரி ஒரு பட்டியல் இருந்தது. அப்பாவின் சாவு, முதலாளியின் ஏச்சு, வீட்டுக் கடன். ஏனோ அன்று அவற்றைச் சொல்ல வாய் வரவில்லை. "விருப்பம் இல்லை ஐயா. குடிக்காமல் எப்படி வாழ்வது என்று எனக்குத் தெரியாது, பயமாக இருக்கிறது" என்றேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. "இதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். வேறு ஜெபம் இப்போது வேண்டாம்" என்றார். அன்றிரவு அதையே சொன்னேன். சபையார் கேட்பதற்காக அடுக்கிப் பேசாத ஜெபம் என் வாழ்க்கையில் அதுதான் முதல். உடனே எதுவும் மாறவில்லை. ஆனால் கடவுளிடம் நல்லவன் மாதிரி நடிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தபோது, மனிதர்களிடம் நடிப்பதும் மெல்ல மெல்ல நின்றது. ஒளித்துவைக்க ஒன்றும் இல்லாத மனிதனுக்குத் தனியாகக் குடிப்பது கடினம்.

டாக்டரின் யோசனையில்தான், குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கிறவர்களின் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பில் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சந்தித்ததிலிருந்து தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். லுத்தரன் போதகர் ஃபிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவக் குழுவோடு இருவருக்கும் தொடர்பு இருந்தது. குற்றத்தை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுவது, கெடுதல் செய்தவர்களிடம் போய்ச் சரிசெய்வது என்ற பழக்கங்கள் அங்கிருந்துதான் பன்னிரண்டு படிகள் என்ற ஏ.ஏ.வின் மீட்பு வழிக்குள் வந்தன. ஆனால் ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. அவரவர் அறிந்த வகையில் கடவுள் என்பதுதான் அங்கே வழக்கம். முதலில் எனக்கு அது இடறலாக இருந்தது. என்னைக் கூடவே இருந்து நடத்தியவர் ஒரு முருக பக்தர். அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். "நீங்கள் இயேசுவிடம் கேளுங்கள், நான் முருகனிடம் கேட்கிறேன். இரண்டு பேரும் இன்றைக்குக் குடிக்க வேண்டாம்" என்றார். நான் ஜெபிக்காமல் விட்ட நாட்களை என் சபையார் கண்டுபிடித்ததில்லை. அண்ணாச்சி என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரைதான் பெரும் பாடு. இரும்புக் கடை சாத்தியதும் கால் தானாக டாஸ்மாக் இருக்கும் தெருவுக்குத் திரும்பும். வேறு தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்கு நடந்தேன். பசியும் கோபமும் தாகத்தைக் கூட்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்ததால் ஒரு டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். தாகம் எழுந்தால் அரை மணி நேரம் தாங்க வேண்டும், பிறகு அது தணியும். அந்த அரை மணி நேரத்துக்கு நீண்ட ஜெபம் உதவாது. "ஆண்டவரே, இந்தத் தெரு முனை வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டே நடப்பேன். முனை வந்ததும் அடுத்த முனை.

உடம்பு தேறியதும் ஈரலைச் சோதித்துவிட்டு டைசல்ஃபிராம் மாத்திரை எழுதினார்கள். அதைச் சாப்பிடுகிறவர் மது தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் தலைவலியும் வரும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட அந்த விளைவு இருக்கலாம். சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். குடித்துவிட்டு வருகிறவர் வீட்டுச் சோற்றாலேயே சாக நேரிடும். எனக்குக் காலைக் குடும்ப ஜெபம் முடிந்ததும் மனைவி மாத்திரையைக் கொடுப்பாள், அவள் முன்னாலேயே விழுங்குவேன்.

இதனால் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் சபையில் திருவிருந்தில் அப்பத்தோடு கொடுப்பது மதுவுள்ள, புளிக்கவைத்த திராட்சரசம்தான். பாத்திரம் உதட்டருகே வரும்போது அந்த வாசனையை நான் எப்படி எதிர்கொள்வது? மாத்திரை ஒருபுறம், மனம் ஒருபுறம். பக்கத்தில் முழங்காற்படியிட்டிருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம் வேறு. சில காலம் திருவிருந்துக்கே போகாமல் இருந்தேன். ஐயர் விசாரித்து அறிந்ததும், "அப்பம் மட்டும் வாங்குங்கள். கிறிஸ்து பாதியாக வருவதில்லை" என்றார். பாத்திரம் வரும்போது கைகளைக் கட்டிக்கொள்ளும்படி சொல்லிக்கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எவ்வளவு பெரிது என்பதை எழுதிக் காட்ட முடியாது. சபைகளில் இருக்கிற குருவானவர்கள் இதை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், என்னைப்போல ஒதுங்கிப் போகிறவர்கள் உள்ளே வருவார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் வீடுகளில் போடுகிற ஒயினுக்கும், ரம் ஊற்றிய கேக்குக்கும் இதே கவனம் வேண்டும்.

என் மனைவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது பாதிக் கதை. நான் வீடு திரும்பிய முதல் வாரம் அவள் சொன்னாள்: "உங்களுக்காக ஜெபிப்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். பிள்ளைகளுக்காக மட்டும்தான் ஜெபிக்கிறேன்." மன்னிப்புக் கேட்டேன், பதில் இல்லை. கடவுள் மன்னித்துவிட்டார் என்பதைக் காட்டி, மனைவி உடனே மன்னிக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம் என்று ஐயர் முகத்துக்கு நேராகவே சொன்னார். சம்பளத்தை அவளிடமே கொடுத்தேன். மளிகைக் கடைப் பாக்கியைத் தவணையாக அடைத்தேன். அடகில் இருந்த அவள் சங்கிலியை மீட்டு வந்தபோது வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் பீரோவில் வைத்தாள். நெடுநாள் கழித்து ஒரு காலை ஜெபத்தில், பிள்ளைகள் பெயருக்குப் பிறகு என் பெயரும் வந்தது.

வார்டிலிருந்து வந்த புதிதில் என்னை ஒரு கூட்டத்தில் சாட்சி சொல்ல, அதாவது குடியை விட்டதை மேடையில் சொல்ல, அழைத்தார்கள். அண்ணாச்சியும் ஐயரும் தனித்தனியே தடுத்தார்கள். தடுத்தது எவ்வளவு சரி என்பது பிறகு புரிந்தது. எங்களோடு ஏ.ஏ. கூட்டத்துக்கு வந்த ஓர் இளைஞர், விட்ட சில வாரங்களிலேயே மேடையேற்றப்பட்டார். பூரண விடுதலை பெற்றவர் என்று அறிவித்தார்கள். மீண்டும் குடித்தபோது அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆராதனைக்கு வருவதும் நின்றது. சறுக்குவது இந்த நோயில் பலருக்கும் நடப்பது. சறுக்கியவன் அன்று மாலையே வந்து சொல்வதற்குச் சபையில் ஓர் இடம் இருக்க வேண்டும். மேடை அந்த இடத்தை அடைத்துவிடுகிறது.

அந்த இளைஞரின் தாயார் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். மறுபடியும் தினமும் குடிக்கிறாராம். வீட்டிலேயே பூட்டி வைத்து உபவாச ஜெபம் நடத்தலாமா என்று கேட்டார்கள். எனக்கு வலிப்பு வந்ததைச் சொல்லி, வேண்டாம் அம்மா, முதலில் வார்டு, ஜெபத்தை அங்கே வந்து நடத்துவோம் என்றேன். திங்கட்கிழமை புறநோயாளிப் பிரிவுக்கு அவரை நானும் அண்ணாச்சியும் அழைத்துப் போகிறோம். ஐயர் மாலையில் வருகிறேன் என்றிருக்கிறார். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்து, யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் பேசலாம், கட்டணம் இல்லை. கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்ற மூன்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.